பனியைப் புகையென்று நினைத்தவன்

ஆகஸ்ட் மாதம், இலங்கையின் ஊவா பக்கம் மானாப்புல் காய்ந்து கிடக்கும் காலம். ஹப்புத்தளைக்குக் கீழே தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டு வாசலில் நின்று எதிர்மலையைப் பார்த்த தம்பி, "மானா பத்திக்கிச்சு, புகை தெரியுது!" என்று கத்தினான்.

அம்மாயி கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "அது பனிடா. புகைன்னா அடி ஒரு எடத்துல இருக்கும். இது பள்ளம் முழுக்கப் படுத்துக் கெடக்கு."

அம்மாயி சொன்னது சரி. இரவில் குளிர்ந்து கனத்த காற்று பள்ளத்தில் இறங்கித் தேங்கும். அதிலுள்ள நீராவி நுண்துளிகளாகி வெள்ளையாய்த் தெரியும். ஆனால் வெயில் ஏறிப் பனி கலைந்த பிறகு பார்த்தால், அதே சரிவில், ஒரு மேட்டுக்குப் பின்னால் நிஜமாகவே மானா எரிந்துகொண்டிருந்தது!

தம்பி சொன்னது உண்மையாகிவிட்டது. அப்படிச் சொல்ல அவனிடம் ஒரு காரணமும் இருந்தது. ஆனால் நெருப்பு இருப்பது அவனுக்குத் தெரிந்திருந்தது என்று சொல்லலாமா?

மலையில் புகை கண்டு நெருப்பை ஊகிப்பது இந்தியத் தருக்கத்தில் அடிபட்டுத் தேய்ந்த உதாரணம். மணிமேகலையின் 29ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகளும் அதை வைத்தே பாடம் நடத்துகிறார்: இம்மலையில் நெருப்புண்டு என்பது பக்கம் (நிறுவ வேண்டிய கூற்று), புகையிருப்பதால் என்பது ஏது (காரணம்), அடுக்களையைப் போல என்பது திட்டாந்தம் (எடுத்துக்காட்டு).

புகை உள்ள இடமெல்லாம் நெருப்பு உண்டு என்ற பிரியாத தொடர்பை, நியாயம் என்ற தருக்க மரபைச் சேர்ந்த நையாயிகர்கள் வியாப்தி என்றார்கள். அதைத் தலைகீழாக்கினால் நிற்காது. பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்புண்டு, புகையில்லை. புகைக்கு ஈர விறகும் வேண்டும். இந்த மறைவான நிபந்தனைக்கு உபாதி என்று பெயர். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிய பச்சை மிலாறை, அதாவது ஈரக் குச்சிகளை, அடுப்பில் வைத்து ஊதிக் கண்ணெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

நேரில் காணும் காட்சி ஒன்றையே நம்பிய சார்வாகர்கள் விடவில்லை. உலகத்துப் புகையை எல்லாம் நீ பார்த்தாயா என்று மடக்கினார்கள். 18ஆம் நூற்றாண்டில் ஸ்கொட்லாந்துத் தத்துவஞானி டேவிட் ஹியூம் இதே இடத்தில்தான் வந்து நின்றார்: இதுவரை நடந்தது நாளையும் நடக்கும் என்பதற்குப் பழக்கத்தைத் தவிர என்ன ஆதாரம்? காரணம்-காரியம் என்பதே மனம் அனுபவத்துக்குக் கொடுக்கும் அச்சு என்று 1781இல் ஜெர்மன் தத்துவஞானி கான்ட் பதில் எழுதினார். கெட்டிக்காரத்தனமான பதில்தான். ஆனால் பனியையும் புகையையும் பிரித்தறிய அது உதவாது.

தம்பியின் வழக்குக்கு நேராக வருபவர் 8ஆம் நூற்றாண்டுப் பௌத்த அறிஞர் தர்மோத்தரர். இறைச்சி சுட இப்போதுதான் தீ மூட்டியிருக்கிறார்கள், இன்னும் புகையவில்லை. ஈக்கள் கூட்டமாய் மொய்க்கின்றன. தூரத்திலிருந்து அதைப் புகையென்று நினைத்த ஒருவன் 'அங்கே நெருப்பு' என்கிறான். நெருப்பு இருக்கிறது, ஆனாலும் அது அறிவாகாது என்றார் அவர். நியாயமான காரணத்தோடு நம்பியது உண்மையாகவும் இருந்தால் போதாதா என்ற கேள்வியை அமெரிக்கரான எட்மண்ட் கெட்டியர் 1963இல் மூன்றே பக்கக் கட்டுரையில் எழுப்பினார். போதாது என்று அவர் காட்டியதிலிருந்து மேற்கத்தியத் தத்துவத்துறை இன்றுவரை அதோடு மல்லுக்கட்டுகிறது.

நம்பிக்கைக்கு வந்துசேரும் வழியில் பொய்யான படி ஒன்றும் இருக்கக்கூடாது என்பது இந்த ஓட்டையை அடைக்கத் தத்துவ அறிஞர்கள் போட்ட ஒட்டுகளில் ஒன்று. தம்பி மிதித்தது அப்படியொரு பொய்ப்படி. அம்மாயியும் அதையே வேறு மாதிரிச் சொன்னார்: "நீ பாத்தது பனி. எரிஞ்சது வேற."

தம்பி இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. "எரிஞ்சிச்சா இல்லியா?" என்கிறான்.