நாற்காலி வாங்கியும் கழுத்து வலி போகவில்லையா?

வீட்டிலிருந்துதான் வேலை என்று நிறுவனம் கட்டாயமாக்கும். சில மாதங்களில் கழுத்து பிடித்துக்கொள்ளும். உடனே விலை கூடிய நாற்காலி ஒன்று வாங்குவார்கள். அப்புறமும் வலி போகாமல் பிசியோதெரபிக்கு வருவார்கள். இதையே எத்தனை முறை பார்ப்பது?

கோளாறு நாற்காலியில் இல்லை, லேப்டாப்பில் இருக்கிறது. அதில் திரையும் கீபோர்டும் ஒன்றோடொன்று ஒட்டியவை. கைக்கு வசதியான உயரத்தில் வைத்தால் திரை தாழ்ந்து தலை குனியும். கண்ணுக்கு நேராக உயர்த்தினால் கையைத் தூக்கிக்கொண்டு தட்ட வேண்டும், தோள் இறுகும். இரண்டும் ஒருசேரச் சரியாகவே அமையாது. எந்த நாற்காலியாலும் இதைத் தீர்க்க முடியாது. தலையின் எடை ஏறத்தாழ 5 கிலோ. குனியக் குனிய அந்தச் சுமை கழுத்தில் பல மடங்காக ஏறும்.

எனவே தனி கீபோர்டும் மவுஸும் வாங்குங்கள். லேப்டாப்புக்கு அடியில் தடித்த புத்தகங்களை அடுக்கி, திரையின் மேல்விளிம்பைக் கண்மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். திரை ஒரு கை நீளம் தள்ளி இருக்கட்டும். முழங்கை உடலை ஒட்டி ஏறக்குறைய 90 டிகிரியில் மடங்க வேண்டும். பைஃபோகல் கண்ணாடி (மேல்பாதி தூரத்துக்கும் கீழ்ப்பாதி கிட்டத்துக்கும் உள்ளது) போடுபவர்கள் மட்டும் திரையை இன்னும் சற்றுத் தாழ்த்துங்கள், இல்லையென்றால் நாள் முழுக்க முகவாயைத் தூக்கியே பார்ப்பீர்கள். படுக்கையில் சாய்ந்துகொண்டு வேலை செய்யவே கூடாது.

வீட்டில் இருந்தால் உடம்புக்கு ஓய்வு என்பதும் தவறு. அலுவலகம் போனபோது நடந்த நடை இப்போது இல்லை. முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் வட்டுகளுக்குப் பெரும்பாலும் சொந்த ரத்த ஓட்டம் கிடையாது, உடல் அசைந்தால்தான் அவற்றுக்கு ஊட்டம் நன்றாகப் போய்ச் சேரும். அரை மணிக்கொரு முறை எழுந்து 2 நிமிடம் நடங்கள். போன் வந்தால் நின்றுகொண்டே பேசுங்கள்.

பயண நேரம் மிச்சம் என்கிறார்கள், அதையும் வேலையே விழுங்கிவிடுகிறது. வாரம் 35-40 மணி நேரம் உழைப்பவர்களைவிட, 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் கூடுதல் என்று உலக சுகாதார அமைப்பும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021-இல் சொல்லிவிட்டன. வேலை முடிந்ததும் லேப்டாப்பை மூடிப் பைக்குள் வையுங்கள். தனியாக வசிப்பவர்கள், தயவுசெய்து, தினமும் ஒருவரிடமாவது வேலை தவிர்த்து எதையாவது பேசுங்கள்.

நிர்வாகத்தினருக்கு: கட்டாயப்படுத்தியது நீங்கள். கீபோர்டு, மவுஸ் செலவையும் நீங்களே ஏற்க வேண்டும்.

கை மரத்துப்போனாலோ, பிடித்த பொருள் நழுவினாலோ தைலம் தடவிக்கொண்டு நாள் கடத்தாதீர்கள், மருத்துவரிடம் போங்கள். நடை தடுமாறினால், சிறுநீரை அடக்க முடியாமல் போனால் அன்றைக்கே போக வேண்டும்.