கார்டு லைன்: நாண்பாதை

எழும்பூரில் திருச்சி வண்டிக்குக் காத்திருப்பவரிடம் “கார்டு லைன்ல போகுதா, மெயின் லைன்லயா?” என்று கேட்டுப் பாருங்கள். தயங்காமல் சொல்லிவிடுவார். விருத்தாசலம், அரியலூர் வழி என்றால் கார்டு லைன். கும்பகோணம், தஞ்சாவூர் வழி என்றால் மெயின் லைன். ஆனால் அந்தக் ‘கார்டு’ என்பது என்ன? கடைசிப் பெட்டியில் பச்சைக்கொடி காட்டுகிற கார்டோடு அதை முடிச்சுப் போட்டு வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். ரேஷன் கார்டு, ரயில் கார்டு, கார்டு லைன் மூன்றையும் தமிழில் ஒரே மாதிரிதான் எழுதுகிறோம். மூலத்தில் மூன்றும் வேறு வேறு சொற்கள்.

கார்டு லைனில் உள்ள ‘கார்டு’ கிரேக்கத்திலிருந்து கிளம்பியது. அங்கே ‘கோர்டே’ என்றால் குடல். விலங்கின் குடலை உலர்த்தி முறுக்கி யாழுக்குக் கட்டினார்கள். அதனால் யாழ் நரம்புக்கும் அதே பெயர் வந்தது. (நாமும் உடம்பில் ஓடுவதையும் யாழில் கட்டுவதையும் நரம்பு என்றே சொல்கிறோம்.) லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது கயிறு என்ற பொருளும் அதற்கு இருந்தது. வட்டத்தின் மேலுள்ள இரண்டு புள்ளிகளை இணைக்கும் நேர்கோட்டுக்குக் கணிதத்தில் இந்தப் பெயரே நிலைத்தது. கிடாரில் வாசிக்கிற கார்டு மட்டும் வேறு வேரிலிருந்து வந்தது. ‘அக்கார்டு’, அதாவது இசைவு என்ற சொல்லின் தேய்ந்த வடிவம் அது. பிற்காலத்தில் நரம்புச் சொல்லோடு குழம்பி ஒரே எழுத்துக்கூட்டலைப் பெற்றுவிட்டது.

இதற்குத் தமிழ்ச் சொல் தேடி அலைய வேண்டியதில்லை. தமிழ்வழியில் படித்த எல்லோரும் கணக்குப் பாடத்தில் வட்டம் வரைந்து, அதற்குள் ஒரு கோடு இழுத்து, ‘நாண்’ என்று எழுதியிருக்கிறோம். வளைந்த பகுதி வில். அதன் இரு முனைகளையும் சேர்ப்பது நாண். வடமொழியிலும் இதே உவமைதான். அங்கே வில்லின் நாணுக்கு ‘ஜ்யா’ என்று பெயர். அந்தச் சொல் அரபுக்குப் போய், அங்கே வேறொரு சொல்லாக வாசிக்கப்பட்டு, அதன் பொருள் லத்தீனில் மொழிபெயர்க்கப்பட்டு, கடைசியில் ‘சைன்’ என்று நமக்கே திரும்பி வந்தது.

நாண் என்பதன் பழைய வடிவம் ஞாண். குழந்தையின் இடுப்பில் கட்டும் அரைஞாணில் அது இன்றும் உயிரோடிருக்கிறது. தாலிக்கயிற்றை மங்கலநாண் என்கிறோம். கட்டுவதும் சேர்ப்பதும் இந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

இப்போது ரயில்வே வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். விழுப்புரத்திலிருந்து மெயின் லைன் கிழக்கே கடலூர், சிதம்பரம், மயிலாடுதுறை என்று வளைந்து, பிறகு மேற்கே திரும்பிக் கும்பகோணம், தஞ்சாவூர் தொட்டுத் திருச்சிக்கு வருகிறது. அது வில். 1929-இல் திறந்த விழுப்புரம்–விருத்தாசலம்–திருச்சி பாதை அதன் இரு முனைகளையும் உள்பக்கமாகச் சேர்க்கிறது. அது நாண். பயணத்தில் 60 கிலோமீட்டருக்கு மேல் மிச்சம். நாண்பாதை என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான படம் கிடையாது.

ஆனால் நகர ரயில்களில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. அங்கே அது நீண்ட குறுக்குப்பாதை இல்லை. அருகருகே ஓடும் இரண்டு பாதைகளை இணைத்து, நிலையத்தில் முன்பின் மாறத் தேவையில்லாமல் வண்டியை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நேரே போக வைக்கும் குட்டிப் பாதை. லண்டன் இதற்குப் பெரிய பள்ளிக்கூடம். அங்கே மண்ணுக்கடியில் இப்படிப் போட்டு, ஓட்டி, பிறகு நிறுத்திவிட்ட பாதைகள் பல.

உலகின் முதல் சுரங்க ரயில் 1863 ஜனவரி 10 அன்று பாடிங்டனுக்கும் ஃபாரிங்டனுக்கும் இடையே ஓடத் தொடங்கியது. நடத்தியது மெட்ரோபாலிட்டன் ரயில்வே; முதலில் வண்டிகள் கொடுத்தது கிரேட் வெஸ்டர்ன். அதே ஆண்டு ஆகஸ்டில் இரண்டு கம்பெனிக்கும் சண்டை வந்தது. கிரேட் வெஸ்டர்ன் தன் வண்டிகளையெல்லாம் விலக்கிக்கொண்டது. மெட்ரோபாலிட்டனைக் காப்பாற்றியது, கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் கிரேட் நார்தர்ன் பாதையோடு அதைச் சேர்க்க அப்போது வேலை நடந்துகொண்டிருந்த இணைப்புச் சுரங்கம். கிரேட் நார்தர்ன் ரயில்வே இரவல் கொடுத்த பெட்டிகளைக் கொண்டு சேவை தொடர்ந்தது. ஒரு நாண்பாதை எதற்கு வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் சொல்கிற கதை இதுதான்.

1863 அக்டோபரில் அந்த இணைப்பில் பயணிகள் வண்டி ஓடத் தொடங்கியது. நகரத்துக்குள் இறங்கும் வண்டிகளுக்கு யார்க் ரோடு வளைவு. ஏறி வரும் வண்டிகளுக்கு ஹோட்டல் வளைவு. கிரேட் நார்தர்ன் ஹோட்டலுக்கு அடியில் போனதால் அந்தப் பெயர். நீராவி இன்ஜின் பெட்டிகளை இழுத்துக்கொண்டு, நெருக்கமான சுரங்கத்தில், கடும் ஏற்றத்தையும் கூர்மையான வளைவையும் ஒன்றாகச் சமாளிக்க வேண்டும். நீராவியைச் சுரங்கத்தில் விடாமல் குழாய் வழியே தண்ணீர்த் தொட்டிக்கே திருப்பி அனுப்பும் இன்ஜின்கள் ஓடின. நீராவி அடங்கும், நிலக்கரிப் புகை அடங்காது. நூறு ஆண்டுகளுக்கு மேல் உழைத்த இந்த வளைவுகளில் 1976 நவம்பரில் சேவை நின்றது. வண்டிகள் டிரேட்டன் பார்க் வழியாக மூர்கேட்டுக்குப் போகும் வேறொரு சுரங்கத்துக்கு மாற்றப்பட்டன.

லண்டனில் இப்படி நின்றவை இன்னும் உண்டு. மேற்கே, மண்ணுக்கு மேலே லாட்டிமர் ரோட்டிலிருந்து கென்சிங்டனுக்குப் போன இணைப்பு, 1940 அக்டோபரில் குண்டுவீச்சில் சேதமடைந்து, அதோடு முடிந்துபோனது. ஃபாரிங்டன் பக்கத்தில் இருந்த ஸ்மித்ஃபீல்டு வளைவை முதல் உலகப்போர்க் காலத்தில், 1916-இல் மூடினார்கள்.

கவனித்தால் இவற்றில் பலவற்றுக்கும் ‘வளைவு’ என்றே பெயர். மான்செஸ்டரில் 2017-இல் திறந்த இணைப்புக்கோ ‘ஆர்ட்சால் கார்டு’ என்று பெயர். ஒரே வகைப் பாதைக்கு ஓரிடத்தில் வில்லின் பெயர், ஓரிடத்தில் நாணின் பெயர்! நேர்கோடான நாணை வளைந்த பாதைக்கு எப்படிச் சொல்வது என்று தமிழிலும் யாராவது கேட்கலாம். வடிவத்தை வைத்து வைத்த பெயர் அல்ல இது. இரண்டு முனையைச் சேர்க்கிற வேலையை வைத்து வைத்தது. மங்கலநாணும் நேராகக் கிடப்பதில்லை. செய்திகளில் வரும் ‘இணைப்புப் பாதை’ தவறில்லை. ஆனால் அது புறவழிச்சாலைக்கும் பொருந்தும், நடைமேம்பாலத்துக்கும் பொருந்தும்.

இனி, ஓடாமல் நின்றுபோன நாண்பாதையை எப்படிச் சொல்வது? ‘கைவிடப்பட்ட பாதை’ என்று எழுதுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. சேவை நின்றாலும் சில இடங்களில் தண்டவாளம் கிடக்கும். சில இடங்களில் தண்டவாளத்தை எடுத்துவிட்டாலும் சுரங்கத்தைப் பராமரிப்பார்கள். யாரும் கைவிட்டுப் போய்விடவில்லை. ‘வழக்கொழிந்த’ என்பதே சரி. இன்று வழக்கு என்றால் கோர்ட்டு வழக்கும் பேச்சு வழக்கும் நினைவுக்கு வரும். பழந்தமிழில் வழங்குதல் என்றால் நடமாடுதல், போய்வருதல். யானை வழங்கும் வழி என்றால் யானை நடமாடும் வழி. வழக்கு என்பதற்கே இயங்குகை, போக்குவரத்து என்ற பொருள் இருந்தது. அப்படியானால் வழக்கொழிந்த பாதை என்பது அச்சு அசலாகப் போக்குவரத்து நின்ற பாதை.

வழக்கொழிந்த சொல்லைப் போலவே பாதையும் திரும்ப வழக்குக்கு வருவதுண்டு. பயணிகள் வண்டி 1916-இல் நின்ற லண்டனின் ஸ்னோ ஹில் சுரங்கத்தில், நகரை வடக்கு தெற்காகக் கடக்கும் தேம்ஸ்லிங்க் ரயில் சேவை 1988-இல் ஓடத் தொடங்கியது. கிங்ஸ் கிராஸில் 1976-இல் அறுந்த தொடர்புக்குப் பதிலாக, கால்வாய்ச் சுரங்கங்கள் என்ற புது நாண்பாதையில் 2018 பிப்ரவரியில் பயணிகள் வண்டி விட்டார்கள். இப்போது பீட்டர்பரோ, கேம்பிரிட்ஜ் வண்டிகள் மறுபடியும் ஃபாரிங்டனுக்கு நேரே இறங்குகின்றன.