எத்தனை பேரிடம் சொன்னாய், பாப்பா?

குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்தின்கீழ் வரும் வழக்குகளில் குழந்தைகள் பக்கம் ஆஜராகிற வக்கீல் நான். ஒரு குழந்தையை முதன்முதலாகப் பார்க்கும்போது, என்ன நடந்தது என்று கேட்பதில்லை. "இதை இதுவரைக்கும் யார் யார்கிட்ட சொல்லியிருக்கே?" என்றுதான் ஆரம்பிப்பேன்.

ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி (அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்) விரல்விட்டு எண்ணினாள். கிளாஸ் மிஸ், ஹெச்.எம்., அம்மா, பெரியம்மா, கரஸ்பாண்டென்ட் சார், அப்பா. ஒரு கை போதவில்லை. நடுவில் பள்ளியில் ஒரு தாளைக் கொடுத்து எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். "ஒற்றுப்பிழை இருக்குன்னு மிஸ் திரும்ப எழுதச் சொன்னாங்க" என்றாள். பரீட்சையைப் பற்றிச் சொல்வது போலத்தான் சொன்னாள்.

இத்தனையும் முடிந்து ஐந்து நாள் கழித்துத்தான் போலீசுக்குத் தகவல் போனது.

அந்தத் தாள் பிறகு நீதிமன்றத்துக்கு வந்தது, எதிர்த்தரப்பு வக்கீலின் கையில். தாளில் 'சாயங்காலம்' என்று இருந்தது. போலீஸ் வாக்குமூலத்தில் 'நாலு மணி'. மாஜிஸ்திரேட்டிடம் அவள் சொன்னது 'ஸ்பெஷல் கிளாஸ் விட்டதும்'. பத்து வயதுப் பிள்ளைக்கு மூன்றும் ஒரே நேரம்தான். குறுக்கு விசாரணையில் அவை மூன்று முரண்பாடுகள் ஆகிவிட்டன. எதிர்த்தரப்பு வக்கீலைக் குறை சொல்ல மாட்டேன், அது அவர் வேலை. அவர் கையில் அந்தத் தாளைக் கொடுத்தது யார் என்பதுதான் என் ஆத்திரம்.

பெரியவர்கள் கேட்கிற விதத்திலும் கோளாறு இருக்கிறது. "அந்த சார் தொட்டாரா? இங்கயா? அங்கயா?" என்று அடுக்குவார்கள். பெரியவர் கேட்டால் தலையாட்ட வேண்டும் என்று நாமே பழக்கி வைத்த பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் 'ம்' என்பார்கள். அடுத்த ஆள் வந்து, "நிஜமாவா? யாராவது சொல்லிக் கொடுத்தாங்களா?" என்று அதட்டினால் அதற்கும் 'ம்' தான். இரண்டு 'ம்'களுக்கு நடுவே வழக்கு போய்விடும்.

ஐ.நா.வின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை 1989இல் வந்தது. 1992இல் இந்தியா அதை ஏற்றது. தன்னைப் பாதிக்கிற விஷயத்தில் குழந்தைக்குத் தன் கருத்தைச் சொல்லும் உரிமை உண்டு என்கிறது அதன் 12ஆம் உறுப்பு. அந்த உரிமையை வைத்துக்கொண்டு, கேட்கிற எல்லோருக்கும் குழந்தை பதில் சொல்லியாக வேண்டும் என்று நாம் ஆக்கி வைத்திருக்கிறோம்.

2012ஆம் ஆண்டு போக்சோ சட்டம் இதைக் கொஞ்சம் யோசித்தே எழுதப்பட்டது. வாக்குமூலத்தைக் குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ பதிய வேண்டும். கூடுமானவரை சப்-இன்ஸ்பெக்டர் அந்தஸ்துக்குக் குறையாத பெண் அதிகாரி, அதுவும் சீருடை இல்லாமல். குழந்தை சொன்னது சொன்னபடி. இரவில் எந்தக் காரணத்துக்காகவும் ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. நீதிமன்றத்திலும் வக்கீல்கள் தங்கள் கேள்வியை நீதிபதியிடம் கொடுத்து அவர் வழியாகத்தான் கேட்க வேண்டும். சாட்சி சொல்லக் குழந்தையைத் திரும்பத் திரும்ப வரவழைக்கவும் கூடாது. எல்லா இடத்திலும் இப்படியே நடக்கிறது என்று சத்தியம் செய்ய மாட்டேன். கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. ஆனால் கேட்டு வாங்கச் சட்டம் இருக்கிறது.

சரி, ஒரு பிள்ளை உங்களிடம் வந்து சொல்கிறது. என்ன செய்வது? குறுக்கிடாமல் கேளுங்கள். "சொன்னது நல்லதாப் போச்சு கண்ணு, உன் மேல தப்பே இல்ல" என்று சொன்னால் போதும். 'யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்' என்று சத்தியம் பண்ணாதீர்கள், காப்பாற்ற முடியாது. பிள்ளை போன பிறகு அதன் வார்த்தைகளை அப்படியே, தேதி போட்டு நீங்கள் எழுதி வையுங்கள். பிள்ளையை எழுதச் சொல்லாதீர்கள். செல்போனில் வீடியோ எடுக்கவே கூடாது. அது கைமாறினால் பிள்ளையின் அடையாளம் ஊர் முழுக்கப் போய்விடும். அப்புறம் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு, அல்லது போலீசுக்குப் போன். காயமோ வலியோ இருந்தால் முதலில் ஆஸ்பத்திரி. எஃப்.ஐ.ஆர். கொண்டு வந்தால்தான் பார்ப்போம் என்று அவர்கள் சொல்ல முடியாது.

'நாமே விசாரித்து உறுதி செய்துகொண்டு சொல்லலாமே' என்று ஹெச்.எம்.கள் என்னிடம் வாதாடுவதுண்டு. தெரிந்தும் தகவல் சொல்லாமல் இருந்தால் ஆறு மாதம் வரை சிறை. நிறுவனப் பொறுப்பில் இருப்பவர் தன் கீழ் வேலை செய்கிறவரைப் பற்றித் தெரிந்தும் மறைத்தால் ஒரு வருஷம் வரை. நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர் மீது வழக்குப் போட முடியாது. விசாரணை போலீசின் வேலை. பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்று ஒரு வாரம் மூடி வைத்தால், அந்த ஒரு வாரமும் வழக்குக் கோப்பில் ஏறும்.

இன்னொரு வழக்கில் முதல் சாட்சி ஒரு சத்துணவுக் கூடத்து ஆயா. சாப்பிடாமல் தட்டைத் தள்ளி வைத்த பிள்ளையிடம் அவர் காரணம் கேட்டிருக்கிறார். "அந்த அண்ணன் வீட்டுக்கு இனிமே என்னை அனுப்பாதீங்கன்னு அம்மாகிட்ட சொல்லு ஆயா" என்றிருக்கிறது. அந்த ஒரு வாக்கியம்தான் அவருக்குத் தெரியும். அன்று மத்தியானமே டீச்சரிடம் சொல்ல, டீச்சர் 1098க்கு போன் செய்துவிட்டார்.

கூண்டில் நின்ற ஆயாவிடம் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார்: "அவ்வளவு பெரிய விஷயம், மேற்கொண்டு ஒரு கேள்விகூடக் கேட்கலையா?"

"அது அழுதுக்கிட்டு இருந்துச்சுங்க. தண்ணி மோந்து குடுத்தேன்."