வாலைப் பார்த்தால் தெரிந்துவிடும்

ஒரு பால் பண்ணைக்குள் போனதும் நான் முதலில் மாடுகளின் வாலைப் பார்ப்பேன். முறிந்து, கோணலாகக் கூடி ஆறிய எலும்பு நாலைந்து மாடுகளுக்கு இருந்தால், அங்கே கறவைக்கு ஓட்டி வருகிறவர்கள் வாலை முறுக்கித்தான் நகர்த்துகிறார்கள் என்ற சந்தேகம் எனக்கு வந்துவிடும். மருந்துப் பதிவேடு எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் சரி.

அந்தத் தொழிலாளர்களைத் திட்டிப் பயனில்லை. பலருக்கு வேறு வழியை யாரும் சொல்லிக் கொடுத்ததே கிடையாது. சேர்ந்த அன்றே கையில் கம்பைக் கொடுத்து, விடிவதற்குள் இத்தனை மாடு கறந்தாக வேண்டும் என்று சொல்லியிருப்பார்கள்.

அதனால் பயிற்சியை நான் கொட்டகையிலேயே வைத்துக்கொள்கிறேன். மாட்டுக்கு ஏறக்குறைய 330 டிகிரி பார்வை உண்டு. நேர் பின்னால் தெரியாது. அங்கே நின்று கத்தினால் மிரளும், உதைக்கும். பக்கவாட்டில், தோளுக்குச் சற்றுப் பின்னால் நின்று ஓரடி நெருங்கினால் முன்னே நடக்கும். நாம் விலகினால் அதுவும் நிதானிக்கும். வாயால் சொன்னால் யாரும் நம்புவதில்லை. அவர்களையே செய்து பார்க்கச் சொன்னால், அப்புறம் கம்பு தேவைப்படாது.

கறவையிலும் இதே கதைதான். மடியைத் துடைத்துக் காம்பைத் தொட்டதும் ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் சுரந்து, ஒன்றிரண்டு நிமிடத்தில் பால் இறங்கும். பயந்த மாட்டில் சுரக்கும் அட்ரினலின் என்ற ஹார்மோன் அதைத் தடுக்கும். மாடு பாலை அடக்கிக்கொள்ளும். ஆஸ்திரேலியாவில் ஹெம்ஸ்வொர்த்தும் கோல்மனும் பல ஆண்டுகள் ஆராய்ந்தது இதைத்தான்: மாட்டைப் பற்றி ஆள் மனதில் என்ன நினைக்கிறாரோ அது அவர் கையில் வரும், மாட்டின் பயத்தில் தெரியும், கறவையிலும் தெரியும். அந்த நினைப்பைப் பயிற்சியால் மாற்ற முடியும் என்றும் காட்டினார்கள்.

பால் வாங்குகிறவர் இதையெல்லாம் நேரில் பார்ப்பதில்லை. கன்றை ஒருவர் உதைக்கும் வீடியோ வெளியானால்தான் பார்க்கிறார். உடனே அந்த ஆளை வேலையிலிருந்து நீக்கிவிட்டதாக அறிக்கை வரும். அவருக்கு எப்போது, என்ன பயிற்சி கொடுத்தீர்கள் என்று கேளுங்கள். கொம்பு வளராமலிருக்கக் கன்றின் கொம்புக் குருத்தைச் சுடும் முன் மரப்பு ஊசி போடுகிறீர்களா, எழ முடியாத மாட்டை இழுத்துப் போகிறீர்களா, சக ஊழியர் மாட்டை அடிப்பதைப் பார்த்தவர் வேலை போகாமல் யாரிடம் சொல்லலாம் என்றும் கேளுங்கள். இதற்கெல்லாம் நேரடியாகப் பதில் சொல்லும் பண்ணையைத்தான் நான் நம்புவேன்; பொட்டலத்தில் அச்சடித்த பசும்புல் படத்தை அல்ல.

பயிற்சி முடிந்து சில வாரம் கழித்து ஒரு பண்ணைக்குப் போயிருந்தேன். முன்பு கம்பில்லாமல் கொட்டகைக்குள் நுழையாத ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு மாட்டைக் காட்டினார். "நிக்கும்போது முதுகு நேரா இருக்கு டாக்டர், நடந்தா வளையுது. பாருங்க." குளம்பைத் தூக்கிப் பார்த்தோம். புண் அப்போதுதான் தொடங்கியிருந்தது.