குரல்கள் அடங்கிய பிறகு வரும் 'சோம்பேறித்தனம்'

மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா) உள்ளவரை முதன்முதலாக மருத்துவமனைக்கு அழைத்து வரும் குடும்பங்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுபோல இருக்கும். தனியாகச் சிரிக்கிறான், காதில் குரல் கேட்கிறது என்கிறான், சோற்றில் ஏதோ கலந்திருக்கிறோம் என்று தட்டைத் தள்ளிவிடுகிறான். அதற்கு முன்பே செய்வினை எடுத்து, கயிறு கட்டி, கல்யாணம் செய்து வைத்தால் சரியாகிவிடும் என்று பெண்ணும் தேடியிருப்பார்கள்.

இந்தக் கட்டம் பெரும்பாலானவர்களுக்கு மருந்தில் கட்டுப்படும். ரிஸ்பெரிடோன், ஒலான்சபின் போன்ற மாத்திரைகள் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளின் வேகத்தைக் குறைக்கின்றன. சில வாரங்களில் குரலும் சந்தேகமும் தணியத் தொடங்கும். வீட்டார் அதிகம் தடுமாறுவது அதற்கு அடுத்த கட்டத்தில்தான்.

ரிவ்யூவுக்கு வந்த ஒரு தாய் சொன்னார் (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்): "இப்ப சண்டை சச்சரவு எதுவும் இல்லைங்க டாக்டர். ஆனா சோம்பேறியாயிட்டான். பத்து மணி வரைக்கும் பாயிலேயே கெடக்கான். குளிக்க நாலு தடவை சொல்லணும். வளர்த்த பாட்டி செத்ததுக்குக்கூட கண்ணுல தண்ணி வரல." பாலிடெக்னிக் முடித்த பையன். தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். "உங்களுக்கு எப்படி இருக்கு தம்பி?" என்றேன். வெகுநேரம் கழித்து, "எந்திரிக்கணும்னு தெரியுது சார். முடியல" என்றார்.

இதுவும் நோய்தான். ஆர்வம், பேச்சு, முகபாவம், பிறரோடு பழகும் விருப்பம் எல்லாம் வற்றிப்போவதை எதிர்மறை அறிகுறிகள் என்கிறோம். பல நேரம் இவை குரல் கேட்பதற்கு முன்பே, கல்லூரி வயதில், மெல்லத் தொடங்கியிருக்கும். கவனமும் நினைவும்கூடக் குறையும். கடையில் மூன்று சாமான் வாங்கச் சொன்னால் ஒன்றோடு திரும்பி வருவார். ஆனால் மனச்சோர்வோ, மாத்திரையால் வரும் உடல் விறைப்போ, அதிகத் தூக்கமோ இதே தோற்றத்தைத் தரலாம். அதனால்தான் "சோம்பேறி" என்று நீங்களே முடிவு கட்டாமல் எங்களிடம் சொல்லுங்கள் என்கிறேன். அளவைக் குறைத்தோ மருந்தை மாற்றியோ சரிசெய்ய முடிவதும் உண்டு.

நோயின் வகை என்ன என்று பலர் கேட்கிறார்கள். பாரனாய்டு (சந்தேகம் மேலோங்கியது), கேட்டட்டோனிக் (உடல் அசைவற்று உறைந்துபோவது) என்றெல்லாம் முன்பு பிரித்து எழுதினோம். ஒரே ஆளிடம் காலப்போக்கில் இவை மாறிக்கொண்டே இருந்ததால், 2013-இல் அமெரிக்க மனநோய் வகைப்பாடும் பிறகு உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடான ஐ.சி.டி.-11-ம் இந்தப் பிரிவுகளைக் கைவிட்டன. பழைய சீட்டில் இருந்த பெயர் புதிய சீட்டில் இல்லையே என்று பயப்பட வேண்டாம்.

எதிர்மறை அறிகுறிகளில் மாத்திரை ஓரளவுதான் உதவும். அங்கே வேலை செய்வது தினசரி ஒழுங்கும் சின்னப் பொறுப்புகளும். அந்தத் தாயிடம் ஒரே ஒரு வேலையைக் கொடுக்கச் சொன்னேன்: காலையில் பால் வாங்கி வருவது. வாங்கி வந்தால் ஒரு நல்ல வார்த்தை, மறந்தால் திட்டாமல் மறுநாள் மறுபடியும். சில மாதங்களில் பாலோடு தினத்தந்தியும் வந்தது. வீட்டில் ஓயாத குறை சொல்லலும் ஏச்சும் இருந்தால் நோய் திரும்பும் வாய்ப்பு கூடுகிறது என்பது ஆய்வுகளில் பலமுறை தெளிவான விஷயம். சென்னையில் 1984-இல் மருத்துவர் சாரதா மேனன் தொடங்கிய ஸ்கார்ஃப் (மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனம்) போன்ற அமைப்புகள் தொழிற்பயிற்சிக்கு இவ்வளவு இடம் கொடுப்பதும் இப்படிச் சின்னப் பொறுப்புகள் உதவுவதால்தான்.

அப்புறம், மாத்திரை. "நல்லாத்தானே இருக்கான், எதுக்கு இன்னும்?" என்று நிறுத்திவிடுகிறார்கள். இவை போதைக்கு அடிமையாக்கும் மருந்துகள் அல்ல. திடீரென நிறுத்தினால்தான் ஆபத்து. தினமும் விழுங்கச் சிரமப்படுபவர்களுக்கு இரண்டு வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒருமுறை போடும் ஊசி இருக்கிறது. இரண்டு மருந்துகளைப் போதிய அளவில், போதிய காலம் கொடுத்தும் குணம் தெரியாவிட்டால் க்ளோசபின் என்ற மருந்து நல்ல வழி. ரத்த வெள்ளணுக்கள் குறைய வாய்ப்புள்ளதால் தொடக்கத்தில் வாராவாரம் ரத்தப் பரிசோதனை வேண்டும், அதைத் தவறவிடக் கூடாது. எந்த மருந்தானாலும் எடை, சர்க்கரை இரண்டையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாவட்ட அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் மருந்து இலவசம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி, நாள்பட்ட பாதிப்புக்குச் சான்றிதழும் பெறலாம். கேட்கத் தயங்க வேண்டாம். அவசரத்துக்கு 14416 என்ற டெலிமானஸ் (அரசின் தொலைபேசி மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம். நோய் திரும்பும்போது பலரிடம் முதலில் குறைவது தூக்கம்தான். இரண்டு மூன்று இரவு தொடர்ந்து விழித்திருந்தால், அடுத்த ரிவ்யூ தேதி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே அழைத்து வந்துவிடுங்கள்.