குளிர்நீரில் முதல் ஒரு நிமிடம்

ஹற்றனிலிருந்து ஓர் ஆசிரியை எழுதிக் கேட்டிருக்கிறார்: "ஜனவரி தொடக்கத்தில் காலை வேளையில் திறந்தவெளி நீச்சல் குளத்தில் இறங்கினேன். நெஞ்சை யாரோ அமுக்கிப் பிடித்தது போல மூச்சே எடுக்க முடியவில்லை. விடாமல் போய்க்கொண்டிருந்தேன். மாதம் முடிவதற்குள் எல்லாம் சரியாகிவிட்டது. அதே தண்ணீர், அதே குளிர், மூச்சு மட்டும் சீராக இருக்கிறது. என் உடம்பில் என்ன மாறியது? சித்திரை விடுமுறையோடு நீச்சலை விட்டுவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?"

நல்ல கேள்விகள். பண்டாரவளைப் பக்கத்தில் வருடம் முழுவதும் வெட்டவெளிக் குளத்தில் நீந்துகிறவன் என்பதால் இவை எனக்கும் நெருக்கமானவை.

குளிர்நீர் ஏன் குளிர்காற்றைவிடக் கடுமையாகத் தெரிகிறது என்பது பாடசாலையிலேயே படித்த விஷயம். நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். 18 பாகைக் காற்றில் ஒரு சட்டையோடு உட்கார்ந்து பிளேன்டீ குடிக்கலாம். 18 பாகைத் தண்ணீரில் தோல் சில வினாடிகளிலேயே சூட்டை இழக்கத் தொடங்கிவிடும்.

ஆனால் ஆசிரியையின் குளமும் என் குளமும் ஒரே மாதிரிக் குளிர்வதில்லை. ஜனவரி முதல் மார்ச் வரை ஹற்றன், தலவாக்கலைப் பக்கம் வானம் தெளிந்து கிடக்கும். போர்வையாக இருக்க மேகம் இல்லாததால், இரவு முழுவதும் தண்ணீர் தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக வானத்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். அதே தெளிந்த இரவுகளில்தான் 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் புல்லின் மேல் உறைபனி படிகிறது. அந்த மாதங்களின் வறண்ட காற்றுதான் திம்புள்ளைத் தேயிலைக்கு அதன் உயர்ந்த மணத்தைத் தருவதும்.

எங்கள் ஊவாப் பக்கத்தில் அந்தக் காற்று ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். குளத்து நீரும் பறக்கத்தான் செய்கிறது, ஆவியாக. ஒன்றரை மீற்றர் ஆழமான குளத்தின் மேற்பரப்பிலிருந்து ஒரு மில்லிமீற்றர் நீர் ஆவியானால் போதும், மிச்சத் தண்ணீர் முழுவதும் ஏறத்தாழ 0.4 பாகை குளிர்ந்துவிடும். ஒரு கிலோகிராம் நீர் ஆவியாவதற்கு 2400 கிலோயூலுக்கு மேல் வெப்பம் வேண்டும், அதைத் தன்னிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் வெயில் அடிக்கும் ஓகஸ்ட் மாதத்திலும், கரையில் நிற்கும்போது இல்லாத குளிர் தண்ணீரில் காத்திருக்கிறது. ஊவாத் தேயிலை பேர் வாங்குவதும் இந்தக் காற்றால்தான். கொழுந்துக்கு நல்ல காலம் நீந்துகிறவருக்குக் குளிர்காலம் என்று எங்கள் மலைகளில் தாராளமாகச் சொல்லலாம்.

தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்ட நாட்களில் ஹற்றன் பக்கம் போனால் அங்கேயும் இறங்காமல் வரமாட்டேன். அது தனிச் சுகம். மேகம் வெப்பத்தைத் தப்ப விடாது, ஈரக் காற்றில் ஆவியாதலும் குறைவு. அதனால் தண்ணீர் இரவும் பகலும் பெரிய மாற்றமில்லாமல் இருக்கும். கண்களை நீர்மட்டத்துக்குக் கொண்டுவந்து பார்த்தால், ஒவ்வொரு மழைத்துளியும் விழுந்த இடத்தில் ஒரு குழி விழுந்து, அந்தக் குழி மூடும்போது நடுவிலிருந்து விரல்நுனி உயரத்துக்கு ஒரு நீர்த்தூண் எழும். அதன் உச்சியிலிருந்து இன்னொரு சிறு துளி பிரிந்து மறுபடி விழும். கரையில் குடையோடு நிற்பவருக்கு இது தெரியாது. ஒக்டோபர், நவம்பர் பிற்பகல்களில் மட்டும் இடி கேட்ட உடனேயே வெளியேறிவிட வேண்டும்.

சரி, அந்த முதல் மூச்சுக்கு வருவோம்.

தோலின் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே குளிரை உணரும் நரம்பு முனைகள் உண்டு. அவற்றின் மென்சவ்வில் டீ.ஆர்.பி.எம்.8 என்றொரு புரதம் இருக்கிறது. தோல் குளிரும்போது இந்தப் புரதத்தின் நடுவிலுள்ள வாசல் திறந்து அயன்கள் உள்ளே பாயும், நரம்பு துடிக்கும். தைலங்களில் இருக்கும் மெந்தோல் என்ற வேதிப்பொருளும் இதே வாசலைத் திறக்கும். நெற்றியில் தைலம் பூசினால் உண்மையில் எதுவும் குளிராமலே குளிர்வது அதனால்தான். இந்த வாசலைத் தனித்தனியே கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் பட்டாபூட்டியன் இருவரும் மெந்தோலை வைத்தே அதைத் தேடிப் பிடித்தார்கள். வெப்பத்தையும் தொடுகையையும் உணரும் வாங்கிகளைக் கண்டறிந்ததற்காக 2021 இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இந்த நரம்புகளுக்கு ஒரு குணம் உண்டு. எவ்வளவு குளிர் என்பதைவிட எவ்வளவு வேகமாகக் குளிர்கிறது என்பதற்கே அவை அதிகம் துடிக்கும். தோலின் சூடு சுமார் 33 பாகை. தண்ணீரில் இறங்கியதும் அது மளமளவென்று கீழே இறங்கும். உடம்பு முழுவதிலுமுள்ள முனைகள் ஒரே நேரத்தில் மூளைத்தண்டுக்குச் செய்தி அனுப்பும். அங்குள்ள சுவாச மையம் திடுக்கிட்டு, நம்மைக் கேட்காமலே ஒரு பெரிய மூச்சை உள்ளே இழுக்கும். அது இரண்டு மூன்று லீற்றர்கூட இருக்கும். அதைத் தொடர்ந்து மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும், தோலின் குருதிக்குழாய்கள் சுருங்கும். குளிர் அதிர்ச்சி என்று இதைச் சொல்வார்கள். முதல் அரை நிமிடத்தில் உச்சத்துக்குப் போய், ஓரிரு நிமிடங்களில் தானே அடங்கிவிடும். தோலின் வெப்பநிலை இறங்குவது நின்றதும் நரம்புகளும் ஆறிவிடுகின்றன.

இது ஒரு நாளைக்குள் நடப்பது. ஆசிரியை கேட்பது மாதக்கணக்கில் நடப்பதை. இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த பரிசோதனை வருகிறது.

குளிர்நீரில் மூன்று நிமிடம் வீதம் ஐந்தாறு தடவை இறங்கினாலே இந்த அதிர்ச்சி ஏறத்தாழப் பாதியாகிவிடும் என்பது தெரிந்த விஷயம். மாற்றம் எங்கே நடக்கிறது? தோலிலுள்ள முனைகள் மரத்துப்போகின்றனவா, அல்லது மூளை பழகிக்கொள்கிறதா? இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக் டிப்டனும் அவருடன் வேலை செய்தவர்களும் 1998 இல் இதற்கு அழகான வழி ஒன்றைக் கண்டார்கள். உடம்பின் ஒரு பக்கத்தை மட்டும் குளிர்நீருக்குப் பழக்கினார்கள். பிறகு குளிர்நீரையே தொடாதிருந்த மறுபக்கத்தைச் சோதித்தார்கள். அந்தப் பக்கத்திலும் அதிர்ச்சி குறைந்திருந்தது!

பழகாத தோல், புதிதாகத் துடிக்கும் நரம்புகள், ஆனாலும் மூச்சு திணறவில்லை. அப்படியென்றால் மாறியது தோல் அல்ல, செய்தியைக் கேட்கும் இடம். பதுளைக்குப் போகும் ரயில் பாதையோரம் குடியிருப்பவர் இரவு ரயிலுக்கு விழிப்பதில்லை. அவருடைய காது மந்தமாகிவிட்டது என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆசிரியையின் தோல் ஜனவரி கடைசியிலும் முதல் நாள் அனுப்பிய அதே செய்தியைத்தான் அனுப்புகிறது. "இதனால் ஆபத்தில்லை" என்று மூளை கற்றுக்கொண்டுவிட்டது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கிறது. கவனம் செலுத்தவில்லை, மனப்பாடம் செய்யவில்லை, நம்முடைய விருப்பத்துக்குக் கட்டுப்படாத ஒரு பகுதி தானாகவே பாடம் படித்திருக்கிறது.

ஆனால் அந்தப் பாடத்தைப் பயம் கலைத்துவிடும். பழகியவர்களிடத்தில்கூடப் பதற்றத்தை உண்டாக்கினால் குளிர் அதிர்ச்சி மறுபடி கூடுகிறது என்று இதே துறையின் பின்னாளைய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இதைப் படித்தபோது எனக்கு நம் அருவிகள்தான் நினைவுக்கு வந்தன. நல்ல நீச்சல்காரப் பொடியன் ஒருவன் அருவித் தடாகத்தில் குதித்து மேலே வராமல் போனால், "அந்த இடம் காவு கேட்கும்" என்கிறார்கள். சூட்டோடு சூடாகக் குதித்தவனின் தலை தண்ணீருக்குள் இருக்கும்போதே அந்த இரண்டு மூன்று லீற்றர் மூச்சு வந்துவிட்டால், அவனுக்கு எவ்வளவு நீச்சல் தெரிந்தும் பயனில்லை. பேய்க் கதை சொல்லிப் பயமுறுத்துவது பிள்ளைகளைக் காப்பாற்றாது. தவறி விழுந்தவனின் பதற்றத்தைத்தான் கூட்டும். சொல்லிக்கொடுக்க வேண்டியது வேறு: குதிக்காதே, மெதுவாக இறங்கு. விழுந்துவிட்டால் நீந்தப் போராடாதே, மல்லாந்து மித, ஒரு நிமிடம் கழித்து மூச்சு உன் வசம் வரும். இதை எழுதிய பலகை ஒவ்வொரு அருவியிலும் இருக்க வேண்டும்.

தடிமன் பிடிக்கும் என்ற பயமும் அப்படியே. தடிமனைத் தருவது வைரசு. வைரசு இல்லாத குளிர்நீர் எவ்வளவு குளிர்ந்தாலும் தடிமனை உண்டாக்காது. இதய நோயும் உயர் குருதி அமுக்கமும் உள்ளவர்கள் மட்டும் வைத்தியரைக் கேட்காமல் குளிர்நீரில் இறங்கக் கூடாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்த ஆய்வுகள் நடந்தது ஆய்வுகூடத் தொட்டிகளில். எங்களுக்கோ மலை முழுவதும் ஊற்றிலிருந்து வழிந்து விழும் பீலித் தண்ணீர். லயத்துக்குப் பக்கத்துப் பீலியில் விடிகாலையில் குளித்து வளர்ந்த பிள்ளையின் முதல் மூச்சும், கொழும்பில் வளர்ந்த பிள்ளையின் முதல் மூச்சும் எவ்வளவு வேறுபடும்? இதை அளக்கப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை. நாடு தன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 0.1 சதவீதத்தை மட்டும் ஆராய்ச்சிக்கு ஒதுக்குகிறது. அதில் ஒரு துளி பேராதனைக்கும் பதுளையின் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்துக்கும் இப்படியான வேலைக்காகக் கிடைத்தால், தோட்டத்துப் பிள்ளைகள் ஆய்வின் பொருளாக மட்டுமல்ல, ஆய்வாளர்களாகவும் வருவார்கள். இதை நான் மனதார விரும்புகிறேன்.

நீந்தி முடித்த பிறகு வரும் அந்த உற்சாகத்தைப் பற்றி ஆசிரியை கேட்கவில்லை, ஆனால் அவருக்கும் அது தெரிந்திருக்கும். 2000 இல் வெளியான ஓர் ஆய்வில், 14 பாகை நீரில் ஒரு மணி நேரம் அமர்ந்திருந்தவர்களின் குருதியில், உடம்பை விழிப்பாக்கும் நோர்அட்ரினலின் 530 சதவீதமும், உற்சாகத்தோடு தொடர்புடைய டோபமின் 250 சதவீதமும் கூடியிருந்தன. நம் குளம் அவ்வளவு குளிர் இல்லை, நாமும் அவ்வளவு நேரம் இருப்பதில்லை. ஆனால் திசை அதுதான். வெளியே வந்த பிறகும் உடம்பின் உட்சூடு சிறிது நேரம் இறங்கிக்கொண்டே இருக்கும் என்பதால், முதலில் ஈரத்தைத் துடைத்து உடுத்துக்கொள்ளுங்கள். தேநீர் அதற்குப் பிறகு.

சித்திரை விடுமுறைக் கேள்விக்கு விடை: இல்லை, முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. டிப்டன் குழு தாங்கள் பழக்கியவர்களைக் குளிர்நீரே இல்லாமல் விட்டுவைத்து, மறுபடி அழைத்துச் சோதித்தது. 7 மாதங்கள் கழித்தும் அதிர்ச்சி குறைவாகவே இருந்தது. 14 மாதங்கள் கழித்தும் ஒரு பங்கு மிச்சமிருந்தது. ஏப்ரலில் விட்டாலும் ஒக்டோபரில் தாராளமாக இறங்கலாம், மெதுவாக, ஏணி வழியாக.