இரண்டு வேலைகளுக்கு நடுவே ஒரு நிலக்காட்சி: இங்கிலாந்துக் கிராமப்புறத்தில் படமெடுப்பவர்கள் கவனத்துக்கு

வேலைக்கு நடுவே ஒன்றரை மணி நேரம் கிடைத்தால், அதில் கேமரா கையில் இருப்பது அரை மணி நேரம்தான். ஷெஃபீல்ட் நகரின் தென்மேற்குப் பக்கம் வேலை செய்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஹாதர்சேஜ் கிராமத்துக்கு மேலே, ஏ6187 சாலையோரம் இருக்கிற சர்ப்ரைஸ் வியூ நிறுத்துமிடத்துக்குப் போக 20 நிமிடம், அங்கிருந்து பாறைகளுக்கு ஏற 10 நிமிடம், இறங்க 10, திரும்ப 20. மிச்சம் 30 நிமிடம். அதிலும் ட்ரைபாட் விரித்து, ஃபில்டர் மாட்டி, சட்டகம் பார்ப்பதற்குள் ஐந்து நிமிடம் போய்விடும்.

இந்த அரை மணி நேர அவசரத்தில்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன. பண்ணைக் கேட்டை மறித்துக் காரை நிறுத்துவது, சுற்றிப் போக நேரமில்லாமல் கல்சுவரில் ஏறுவது, பூக்களை மிதித்துக்கொண்டு நடுவில் போய் நிற்பது எல்லாம் நேரம் போதாத ஆள் செய்கிற காரியங்கள். ஆகவே எங்கே நிற்பது, எந்த லென்ஸ், எந்தத் திசை என்பதை வீட்டிலேயே முடிவு செய்துவிடுங்கள். புகழ்பெற்ற பத்து இடங்களை ஒருமுறை பார்ப்பதைவிட, 20 நிமிடத் தொலைவில் இருக்கும் ஒரே இடத்துக்குப் பத்து முறை போவது நல்ல படம் தரும்.

வெளிச்சத்துக்கு வருவோம். நண்பகலில் நிலக்காட்சி எடுக்கக்கூடாது என்று நம்மூரில் கற்றது இங்கே ஆண்டு முழுக்கப் பொருந்தாது. சென்னையில் டிசம்பர் நண்பகல் சூரியன்கூட அடிவானத்திலிருந்து 53 டிகிரி உயரத்தில் நிற்கும். ஷெஃபீல்டில் அதே நாளில் 13 டிகிரிதான். ஒரு மீட்டர் உயரக் கல்லுக்கு நான்கு மீட்டருக்கும் அதிகமான நிழல் விழும். மதிய உணவு இடைவேளையிலேயே மாலை வெயில் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கு நவம்பர் முதல் ஜனவரி வரைதான் உண்மையான சீசன். சூரிய உதயத்துக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளவும் தேவையில்லை, டிசம்பர் கடைசியில் உதயமே 8.20 வாக்கில்தான். ஜூனில் உதயம் 4.40-க்கு, மறைவு இரவு 9.40-க்கு. மறுநாள் வேலை இருக்கிற யாருக்கும் அது சரிப்படாது.

திசையையும் சேர்த்துப் பாருங்கள். ஹாதர்சேஜுக்கு மேலே நீண்டு கிடக்கும் ஸ்டானிஜ் எட்ஜ் பாறை விளிம்பு மேற்கு, தென்மேற்குப் பக்கம் பார்த்திருக்கிறது. காலையில் போனால் பாறை முகம் முழுக்க நிழல்; கைவிடப்பட்ட பழைய திரிகைக் கற்கள் விளிம்பின் அடியில் கிடந்தாலும் படத்தில் உயிர் இருக்காது. பிற்பகலில் அதே கல்லின் சொரசொரப்பு ஒவ்வொரு மணலாகத் தெரியும்.

கடிகார மாற்றத்தைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைக்கிறார்கள். அதற்கு முந்தைய நாள் ஷெஃபீல்டில் சூரியன் மாலை 5.45 வாக்கில் மறையும், மறுநாள் 4.45-க்கே மறைந்துவிடும். வேலை முடிந்து மாலைப் படம் எடுக்கும் பழக்கம் அன்றோடு நின்றுபோகும். பதிலுக்கு, 7.55-க்கு இருந்த உதயம் 7 மணிக்கு முன்னால் வந்துவிடுகிறது. நவம்பர் முதல் இரண்டு வாரம் 7 மணிக்கும் 7.30-க்கும் இடையில் சூரியன் எழும். வேலை 9.30-க்கு என்றால் மூடுபனிக்கு இதைவிட நல்ல நாட்கள் கிடையாது.

மூடுபனி என்றால் பலரும் போவது மாம் டோர், 517 மீட்டர் உயரக் குன்று. மாம் நிக் நிறுத்துமிடத்திலிருந்து கல் பாவிய படிகளில் கால் மணி நேரத்தில் உச்சிக்குப் போய்விடலாம். கீழே ஹோப் பள்ளத்தாக்கில் பனி தேங்கி நிற்க, சிமென்ட் ஆலையின் புகைபோக்கி மட்டும் மேலே நீட்டிக்கொண்டிருக்கும். (அந்தப் புகைபோக்கியைப் படத்திலிருந்து அழிக்கிறவர்கள் உண்டு. விட்டுவைப்பதே நேர்மை.) பனி தேங்க மூன்று விஷயம் ஒன்றுசேர வேண்டும்: முந்தைய நாள் மழையில் நனைந்த மண், மேகமில்லாத இரவு, மணிக்கு 5 மைலுக்குக் குறைவான காற்று. இரவு 9 மணிக்கு ஒரு முறை, விடிகாலை எழுந்ததும் ஒரு முறை வானிலை பாருங்கள். காசில்டன் கிராமத்துக்கு 2 டிகிரி, குன்றின் உச்சிக்கு 5 டிகிரி என்று தலைகீழாகக் காட்டி, கீழே ஈரப்பதம் நூறு சதவீதத்தை நெருங்கினால் கிளம்பலாம். காற்று 10 மைல் என்று மாறியிருந்தால் திரும்பப் படுத்துக்கொள்ளுங்கள். பனி உச்சியைவிட உயரமாக எழும்பிவிட்டால் நீங்களும் அதற்குள்தான் நிற்பீர்கள். அன்றைக்குக் கீழே இறங்கி மரங்களை எடுப்பதே உசிதம்.

பனியைக் கேமரா தானாக அளந்தால் சாம்பல் நிறமாக்கிவிடும். எக்ஸ்போஷரை முக்கால் முதல் ஒரு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு) கூட்டி, வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தின் வலது ஓரம் முட்டாமல் பாருங்கள். அடுக்கடுக்கான குன்றுகளுக்கு அகன்ற லென்ஸ் உதவாது, எல்லாம் பொடியாகிப் போகும், 70-200 மி.மீ.தான் சரி. முன்னால் பாறை, பின்னால் பள்ளத்தாக்கு என்ற படத்துக்கு 24 மி.மீ., லென்ஸ் துளை எஃப்/11, ஐஎஸ்ஓ 100. முழுச்சட்ட (ஃபுல் ஃப்ரேம்) கேமராவில் 1.8 மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் வைத்தால் ஏறக்குறைய 90 செ.மீ. முதல் அடிவானம் வரை தெளிவாக இருக்கும். துளையை எஃப்/22 வரை மூடினால் இன்னும் தெளிவு வரும் என்பது தவறு. சிறு துளையில் ஒளி வளைந்து பரவுவதால் (டிஃப்ராக்‌ஷன்) படம் முழுவதும் மழுங்கும். விளிம்புப் பாறைகளில் காற்று விடாது வீசும். ட்ரைபாட்டின் நடுத்தண்டை உயர்த்தாதீர்கள், பையை அதில் ஊஞ்சலாடும்படி மாட்டாதீர்கள். பை தரையைத் தொட்டபடி இருக்கட்டும். போலரைசர் ஃபில்டர் நீலவானத்துக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஈர இலை, ஈரப் பாறையின் வெள்ளைப் பளபளப்பை நீக்குவதில்தான் அதன் வேலை தெரியும். ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்னும், அவ்வளவே.

இனி ஊர்க்காரர்களுக்குக் கோபம் வரவழைக்கிற விஷயங்கள். விடிகாலையில் வெறிச்சோடிக் கிடக்கும் வயல் கேட், ஆறு மணிக்கு டிராக்டரோ பால் டேங்கரோ திரும்பும் வாசலாக இருக்கலாம். ஒற்றைப் பாதைச் சாலைகளில் எதிர்வண்டிக்கு வழிவிட அமைத்த அகலிப்பும் நிறுத்துமிடம் அல்ல. கட்டணத்தைச் செயலியில் செலுத்துவதாக இருந்தால் வீட்டிலேயே பதிவிறக்கிக்கொள்ளுங்கள். குன்றடியில் சிக்னல் இருக்காது.

கல்சுவர்களைச் சற்றுக் கிட்டே போய்ப் பாருங்கள். சாந்து கிடையாது. இரண்டு வரிசைக் கற்கள் ஒன்றையொன்று சாய்ந்து நிற்க, இடையில் பொடிக்கல், குறுக்கே இணைப்புக் கல், உச்சியில் செங்குத்தாக அடுக்கிய தலைக்கற்கள். அந்தத் தலைக்கல்லின் எடை சுவரை அழுத்திப் பிடித்து வைத்திருக்கிறது. ஏறும்போது ஒன்று உருண்டால் பக்கத்துக் கற்களும் தளரும், அடுத்த உறைபனியில் சுவர் வயிறு தள்ளிச் சரியும், ஆடுகள் சாலைக்கு வந்துவிடும். ஏறுபடியோ கேட்டோ இருக்கிற இடம்வரை நடந்துபோங்கள். கேட் எப்படி இருந்ததோ அப்படியே விட்டுப் போங்கள், திறந்திருந்தது உட்பட.

இங்கிலாந்தில் எங்கும் நடக்கலாம் என்ற உரிமை இல்லை. ஸ்காட்லாந்துச் சட்டம் வேறு. இங்கே மஞ்சள் அம்பு நடைபாதை, நீல அம்பு குதிரையும் சைக்கிளும் போகக்கூடிய பாதை. ஓ.எஸ். (ஆர்டனன்ஸ் சர்வே என்ற அரசு நில அளவை நிறுவனம்) எக்ஸ்ப்ளோரர் வரைபடத்தில் இள மஞ்சள் பூசிய திறந்த நிலங்களில் 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதையை விட்டும் நடக்கலாம். மே மாதக் கடுகு வயல் அப்படியல்ல, அது ஒருவரின் பயிர். பாதை வயலுக்குள் போனால் பாதையில் மட்டும் நில்லுங்கள். ட்ரோன் வைத்திருப்பவர்கள் பதிவு, தேர்வு, 120 மீட்டர் உயர வரம்பு ஆகியவற்றோடு நில உரிமையாளரின் விதியையும் பாருங்கள். இயற்கை, பாரம்பரிய இடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அறக்கட்டளை தன் நிலத்திலிருந்து அனுமதியின்றிப் பறக்கவிடத் தடை வைத்திருக்கிறது.

ஏப்ரல் கடைசி முதல் மே நடுப்பகுதி வரை காடுகளில் ப்ளூபெல் என்ற நீலப்பூ பூக்கும். மிதிபட்ட இலை பிறகு நிமிராது. இலை இல்லாமல் கிழங்குக்கு உணவு சேராது. அந்தத் திட்டு தேற ஆண்டுகள் பிடிக்கும். பாதையிலேயே முழந்தாளிட்டு, கேமராவைப் பூக்களின் உயரத்துக்குத் தாழ்த்தி, 150 மி.மீ.க்கு மேல் வைத்து எடுங்கள். நடுவில் இருக்கும் வெற்றிடங்கள் ஒன்றன்மேல் ஒன்று மறைந்து, உள்ளே போய் நின்றால் கிடைக்காத நீலக் கம்பளம் கிடைக்கும். மேகமூட்டமான மாலையே ஏற்றது. உச்சி வெயிலில் காட்டுக்குள் வெள்ளைத் திட்டுகள்தான் மிஞ்சும்.

கன்றோடு நிற்கும் பசுக்கூட்டத்துக்குள் போகாதீர்கள், சுற்றிப் போங்கள். இளங்காளைகள் ட்ரைபாட்டைப் பார்த்து வேடிக்கையாக நெருங்கி வரும், ஓடினால் துரத்தும். நிதானமாக நடந்து வெளியேறினால் போதும். பெரணிப் புதரில் நடந்து வந்த அன்று முழங்கால் பின்புறம், இடுப்பு ஆகிய இடங்களில் உண்ணி பாருங்கள். இருந்தால் நுனி கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுங்கள். எண்ணெய், நெருப்பு வேண்டாம். வட்டமாகச் சிவந்து பரவினால் மருத்துவரிடம் காட்டுங்கள். உண்ணி கடித்துப் பரவும் லைம் நோயின் அந்தத் தடிப்பு மூன்று மாதம் கழித்தும் வரக்கூடும்.

தனியாகப் போவதால் யாரிடமாவது இடமும் திரும்பும் நேரமும் சொல்லிவிட்டுப் போங்கள். தலைவிளக்கும் விசிலும் பையிலேயே கிடக்கட்டும். விழுந்து அடிபட்டால் 999 அழைத்து, முதலில் போலீஸ், பிறகு மலை மீட்புக் குழு என்று கேட்க வேண்டும். பேச முடியாத அளவு சிக்னல் பலவீனமானால் குறுஞ்செய்தி போகும். ஆனால் அதற்கு முன்பே "ரெஜிஸ்டர்" என்ற ஆங்கிலச் சொல்லை 999-க்கு அனுப்பிப் பதிவு செய்திருக்க வேண்டும். இன்றைக்கே செய்துவிடலாம், இரண்டு நிமிட வேலை.

திரும்பும் போது ஒரு தவறு. குளிர்ந்த கேமராவை ஹீட்டர் ஓடும் காரிலோ அலுவலகத்திலோ அப்படியே வெளியே எடுத்தால் கண்ணாடியிலும் உள்ளேயும் நீர்த்துளி படியும். வெளியில் நிற்கும்போதே மெமரி கார்டையும் பேட்டரியையும் எடுத்துச் சட்டைப்பையில் போட்டு, பையை முழுக்க மூடிவிடுங்கள். மேசைக்கு வந்து இரண்டு மணி நேரம் அதைத் தொட வேண்டாம். இரவு வீட்டில் ட்ரைபாட் கால்களை முழுக்க நீட்டித் துடைத்துக் காயவையுங்கள். கரிமண் சேறு பூட்டுக்குள் காய்ந்தால், அடுத்த முறை அரை மணி நேரத்தில் பத்து நிமிடம் அந்தக் காலைத் திருகுவதிலேயே போய்விடும்.